பகா எண்ணின் துணைக்கால்

அந்த எண்ணுக்கு அறுநூற்றுப் பதினேழு இலக்கங்கள். நிறுத்தாமல் வாய்விட்டுப் படித்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். குழல்வாய்மொழி ஒருமுறை அப்படிப் படித்தும் பார்த்திருக்கிறாள். கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பெண்ணுக்குத் தென்காசியில் வேறு என்ன சோலி என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முப்பத்தாறு பேருடைய உயிர் அந்த இலக்கங்களுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று அவள் அப்போது நம்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்லக்கனி வந்து வாசலில் நின்றாள். ஊருக்கு வடக்கே பேட்டரி பிரிக்கும் ஆலையில் வேலை செய்கிறவள். ஓடித் தேய்ந்த மின்வண்டிகளின் பேட்டரிகளெல்லாம் நாலு மாநிலத்திலிருந்தும் அந்த ஆலைக்குத்தான் வந்து குவிகின்றன. போன ஆண்டு அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி செல்லக்கனியின் தங்கை பேச்சித்தாய்.

"உள்ள வா. ஏன் அங்கயே நிக்கே?"

"உக்கார வரல டீச்சர். ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்." செல்லக்கனியின் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "நீங்க குடுத்த அந்தச் சாட்சிப் பெட்டியில நான் பேசினத ஆராச்சும் கேக்க முடியுமா?"

"முடியாது. திங்கக்கிழமை ஆணையத்துல தொறக்கிற வரைக்கும் யாராலயும் முடியாது. நானே நினைச்சாலும் முடியாது."

"மேனேஜர் கேட்டுட்டாரு."

குழல்வாய்மொழிக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாராவது உளறியிருப்பார்கள், பயத்தில் இவளே யாரிடமாவது சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"கதவு வெளியில பூட்டியிருந்துச்சு, சூப்பர்வைசர்தான் பூட்டுனாருன்னு சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். அத விடுங்க. பேச்சி உள்ள கெடந்து என்னக் கூப்பிட்டால்லா, அக்கான்னு கூப்பிடல. செல்லக்கனீன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா. பொறந்ததுலேருந்து அவ என்னப் பேரச் சொன்னதே கெடையாது. அத நான் என் புருசன்கிட்டகூடச் சொல்லல டீச்சர். அந்தப் பெட்டிக்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்." அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நேத்து மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, சிரிச்சுக்கிட்டே கேக்காரு: 'ஒன் தங்கச்சி மருவாத தெரியாதவளோ, அக்காளப் பேரச் சொல்லியா கூப்பிடுவா?'"

குழல்வாய்மொழி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சாட்சிப் பெட்டி என்பது தொலைபேசியில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு செயலி. தீ விபத்தை விசாரிக்கும் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது, ஆனால் யோசனை அவளுடையது. பேசுகிறவர் தன் வாக்குமூலத்தைத் தானே பூட்டிப் பொதுவிடத்தில் வைத்துவிடலாம். யாரும் அதை எடுத்துப் பார்க்கலாம், திறக்கத்தான் முடியாது. பூட்டு நன்றாக இருந்தால் பெட்டி நடுத்தெருவில் கிடந்தாலும் பயமில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள். முப்பத்தாறு பேர் பேசினார்கள். பூட்டு அத்தனைக்கும் அடிப்படை அந்த ஒரு எண்.

"என்ட்ட அன்னைக்கு என்னமோ சுவருன்னு சொன்னீங்களே," என்றாள் செல்லக்கனி.

"ஆமா. அது பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எந்த எண்ணாலயும் வகுபடாது. கதவே இல்லாத சுவர் மாதிரி. ரெண்டு எண்ணப் பெருக்கி வந்ததா இருந்தா அது பகு எண். அப்பச் சுவர்ல எங்கயோ ஒரு கோடு இருக்கும். நமக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஆனா கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சவனுக்கு அதுதான் கதவு."

"கோடு இல்லன்னு நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். இவ்வளவு பெரிய எண்ண ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்க உலகம் அழியுற வரைக்கும் ஆகும். அதனால சாட்சி வச்சுக் கேப்போம். சின்னச் சின்ன எண்கள்தான் சாட்சி. ஒவ்வொண்ணையும் வச்சு ஒரு கணக்குப் போட்டா, இது பகு எண்ணுன்னு அது காட்டிக் குடுத்துரும். சில சாட்சி பொய் சொல்லும், நாங்க அதுக்குப் பொய்ச்சாட்சின்னே பேர் வச்சிருக்கோம். ஆனா நாப்பது சாட்சியும் சேர்ந்து பொய் சொல்றது தற்செயலா நடக்கவே நடக்காது. நாப்பதையும் கேட்டேன். நாப்பதும் நல்லதாத்தான் சொல்லிச்சு."



"அந்த நாப்பது பேரு ஆருன்னு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும். ஆணையத்தோட விதியிலயே பட்டியல் இருக்கு."

"எங்க ஆலையில இன்ஸ்பெக்சன் வருவாக. எந்த எட்டுப் பேரக் கூப்பிட்டுக் கேப்பாகன்னு மேனேஜருக்கு மொதல்லயே தெரியும். அந்த எட்டுப் பேரும் ஒரு கொறையும் இல்லைன்னுதான் சொல்லுவாக. மத்த எறநூறு பேர ஒருத்தரும் கேக்கமாட்டாக." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் டோக்கன் நம்பரு நாலாயிரத்து நானூத்தி எழுவத்தொண்ணு. அதப் போட்டுக் கேளுங்க."

சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து அறுநூற்றுப் பதினேழு இலக்கங்களையும் இட்டு, சாட்சி என்ற கட்டத்தில் 4471 என்று அடித்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் இரண்டே சொல் வந்தது.

பகு எண்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் செல்லக்கனி.

குழல்வாய்மொழி வேறு எண் போட்டாள், வீட்டு இலக்கம், பிறந்த தேதி, வாய்க்கு வந்தது. பகு எண், பகு எண், பகு எண். பட்டியலில் இருந்த நாற்பது மட்டும் வரிசையாகப் பொய் சொல்லியிருந்தன. அந்த நாற்பதும் பொய் சொல்லும்படியே ஒருவர் அந்த எண்ணைச் செதுக்கியிருக்கிறார். அப்படிச் செதுக்கத் தெரிந்தவர் அவளுக்குத் தெரிந்து அந்த ஜில்லாவிலேயே ஒருவர்தான். எண்ணைக் கொடுத்ததும் அவர்தான், நாற்பது சாட்சிகளின் பட்டியலை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

ஞானதுரை சார் மூன்று தெரு தள்ளி இருந்தார். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். இருவரும் சேர்ந்துதான் தமிழில் எண் கோட்பாட்டு நூல் எழுதினார்கள். பகா எண் என்பதா, பகாத்தனி என்பதா என்று மூன்று நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. சாட்சி எண் அவள் வைத்த பேர், பொய்ச்சாட்சி அவர் வைத்த பேர். நூலின் மெய்ப்பைத் திருத்தியது அவர். எழுநூறு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்காது. அவளுக்கு எழுத்துப்பிழை தண்ணீர் பட்ட பாடு, அவர் அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய ஆய்வேட்டையோ திருத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தார். அப்படி மூடிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் சார்?" என்றாள்.

"உக்காருங்க குழலி."

"உக்கார வரல."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆலை முதலாளியின் அறக்கட்டளை கணித ஆய்வு மையம் ஒன்று கட்டப்போகிறதாம். முழுக்கத் தமிழில் நடக்குமாம், இவர்தான் இயக்குநராம். "நம்ம புஸ்தகத்த இத்தனை வருசத்துல எத்தன பேர் வாசிச்சாங்க? பத்துப் பேரு. அந்த மையம் வந்தா வருசத்துக்கு நூறு பிள்ளைக படிக்கும். ஒரே ஒரு எண்ணுதான் கேட்டாங்க. மிரட்டி வச்சுட்டு விட்டுருவோம், ஆளுகள ஒண்ணும் செய்யமாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க."

"நீங்க நம்பினீங்க."

"நம்பணும்னு நெனச்சேன்."

"முப்பத்தாறு வீட்டுக்கு நான் நடந்தேன் சார். ஒவ்வொரு வீட்டுலயும் உங்க பேரச் சொன்னேன். எங்க ஞானம் சார் கண்டுபிடிச்ச எண்ணு, உடையாதுன்னு சொன்னேன்." அவர் முன்னால் அழக்கூடாது என்று வந்தவள் அழுதாள்.

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பு எடுத்துவந்தார். உள்ளே ஒரே ஒரு தாள். ஐந்து மாதத்துக்கு முன் அவர் கையால் எழுதிக் கொடுத்த சான்றுரையின் வரைவு. 'மேற்கண்ட எண் ஒரு பகு எண் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று அவருடைய அச்சுப் போன்ற கையெழுத்தில் இருந்தது. 'கு' பச்சை மையால் அடிக்கப்பட்டு, மேலே 'கா' என்று போடப்பட்டிருந்தது. ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பம்: கு.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவுக்கு வந்தது. வாழ்நாளிலேயே முதன்முறையாக அவருடைய பிழை ஒன்று அகப்பட்டுவிட்டதென்று குதித்திருந்தாள். "என் பேரோட முதலெழுத்தையே என்கிட்டத் தள்ளிவிட்டுட்டீங்களே சார், கண்ணாடிய மாத்துங்க" என்று கேலி செய்து, திருத்தித் தந்து, தட்டச்சான நல்ல படியில் தானே கையெழுத்தும் போட்டாள். சரிபார்த்தவர் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"நான் சொல்லாம இல்ல குழலி," என்றார் அவர் மெதுவாக. "வாயால சொல்லத் தைரியம் வரல. எழுதிக் குடுத்தேன். நீங்க கவனிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க சிரிச்சீங்க."

"ஒரு எழுத்துக்குள்ள ஒளிச்சு வச்சா அது சொன்னதா சார்?"

"இல்லதான்." அவர் தலை குனிந்திருந்தது. "திங்கக்கிழமை ஆணையத்துல நானே வந்து எல்லாத்தையும் சொல்லுதேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். என் வாயால வரட்டும். இந்த ஒண்ண மட்டும் எனக்குக் குடுங்க."

அவள் கொடுத்தாள். இன்னமும் அவளுக்கு அது ஆறவில்லை. அன்று மாலையே ஆணையத்துக்குப் போயிருக்க வேண்டியவள், இருபத்தாறு ஆண்டு முகத்தைப் பார்த்து இரண்டு நாள் தவணை கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம், பாவம், மனசாட்சி அரித்துத்தானே அப்படி எழுதினார் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளில் பதினான்கு பேர் தங்கள் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். செல்லக்கனியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை கூடியது. ஞானதுரை சார் சொன்னபடியே வந்தார். கூட ஒரு வழக்கறிஞரும் வந்தார்.

"என் கட்சிக்காரர் எண்ணை ஆராய்ந்து, அது பகு எண் என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்," என்றார் வழக்கறிஞர். பச்சை மை பூசிய அந்தத் தாளை நீதிபதி அம்மாவின் மேசையில் வைத்தார். "அதைப் பகா எண் என்று மாற்றியவர் பேராசிரியர் குழல்வாய்மொழி. ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம் இருக்கிறது. இறுதிச் சான்றிலும் அவர் ஒருவர் கையெழுத்துத்தான். முப்பத்தாறு பேர் காட்டிக்கொடுக்கப்பட்டதற்கு யார் பொறுப்பு என்பதை ஆணையம் முடிவு செய்யட்டும்."

குழல்வாய்மொழிக்கு இப்போதுதான் விளங்கியது. அப்படியானால் அது மனசாட்சி இல்லை. தற்காப்பு. எந்த எழுத்தை எழுதினால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். அவள் துள்ளிக் குதிப்பாள், கேலி செய்வாள், திருத்துவாள், திருத்திய இடத்தில் தவறாமல் 'கு' போடுவாள். நாற்பது எண்களைப் பொய் சொல்லவைத்த அதே கை, நாற்பத்தோராவதாக அவளையும் அந்த வரிசையில் நிறுத்தியிருந்தது. இருபத்தாறு ஆண்டு நட்பில் அவளைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு எழுத்துக்குப் பயன்பட்டிருந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் திருத்தம் உங்களுடையதா?" என்றார் நீதிபதி.

இல்லை என்று சொல்லலாம். பச்சை மை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், 'கு' யாரும் போடலாம். பின்வரிசையில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள், முந்தானையை இறுகப் பிடித்தபடி.

"என்னுடையதுதான் அம்மா," என்றாள். "நாற்பது சாட்சியோடு நிறுத்தியதும் என் தப்பு. வேறு ஒரே ஒரு எண்ணைக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. எண்ணை நம்பி இல்லை, ஆளை நம்பி விட்டுவிட்டேன். அதற்கான தண்டனையை ஏற்கிறேன்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. வழக்கறிஞர் கோப்பைக் கட்டத் தொடங்கினார்.

"ஞானம் சாரிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்."

நீதிபதி தலையசைத்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கேட்டாள். "சார், நீங்க 'பகு'ன்னு எழுதினது எழுத்துப்பிழையா?"

அவர் வழக்கறிஞரைத் திரும்பிப் பார்த்தார்.

"பிழைன்னா, உங்களுக்கும் தெரியாமத்தான் எழுதியிருக்கீங்க. அப்போ ரெண்டு பேரும் ஏமாந்தவங்க, உங்க வக்கீல் சொன்னது நிக்காது. எண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னும் நீங்கதான் சொல்லணும். பிழை இல்லன்னா, பூட்டு தொறந்து கெடக்குன்னு தெரிஞ்சே முப்பத்தாறு பேரப் பேசவிட்டு, அஞ்சு மாசம் சும்மா இருந்திருக்கீங்க. நான் திருத்தினத உங்க கண்ணு முன்னாலதான் திருத்தினேன். ஒரு வார்த்த சொல்லல. சொல்லுங்க சார், பிழையா?"

"பிழைன்னு சொல்லுங்க, பாத்துக்கலாம்," என்று வழக்கறிஞர் அவர் காதோரம் முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது.

ஞானதுரை சாரின் உதடு அசைந்தது. அவர் மெய்ப்புப் பார்க்கும்போது இப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் தொட்டுப் போவார். அவள் அதை எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறாள். அவரால் எதை வேண்டுமானாலும் சொல்ல முடியும், இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் மட்டுமா அவளைத் தெரிந்துவைத்திருந்தார்?

"நான் பிழை விடமாட்டேன்," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போலிருந்தது. வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். குழல்வாய்மொழிக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. இனி அவள் எழுதும் எதையும் படித்துக் காட்ட ஆள் இல்லை.

மீதியிருந்த இருபத்திரண்டு பேரில், முகத்தைக் காட்டிப் பேச முன்வந்தது ஐந்து பேர். முதலில் எழுந்தவள் செல்லக்கனி. பூட்டோ பெட்டியோ இல்லாமல், மேனேஜர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மேனேஜரைத்தான் பார்த்தாள். அவர் கைபேசியை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்.

எழுத்தர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நாலு பக்கம் எடுத்துவந்து, கையெழுத்துப் போடச் சொன்னார். செல்லக்கனி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். குழல்வாய்மொழி எழுந்து அவள் பக்கத்தில் போனாள்.

"குடு, நான் படிச்சுச் சொல்லுதேன்."

செல்லக்கனி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் குழல்வாய்மொழிக்கு அதிகம் வலித்தது.

"வேண்டாம் டீச்சர். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிடுதேன்."

முதல் வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, காலும் கொம்பும் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். குழல்வாய்மொழி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு பக்கம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதுவரை அவள் எழுந்திருக்கவில்லை.